கழற்றியது யார் கை?

‘எந்திரன்’ படத்தின் முடிவைப் பார்த்துவிட்டுக் கண் கலங்காதவர்களை நான் அதிகம் கண்டதில்லை. சிட்டி என்ற ரோபோவைக் கழற்றிவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிடுகிறது. சிட்டி தன் உடம்பைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றியபடி விடைபெறுகிறது. தன்னைப் படைத்த விஞ்ஞானி வசீகரனிடமும் அவர் காதலி சனாவிடமும் மன்னிப்புக் கேட்கிறது. படம் வந்தது 2010 ஒக்டோபர் முதலாம் திகதி. இன்றைக்கும் ஏதாவதொரு சேனலில் அந்தக் காட்சி ஓடினால் எங்கள் வீட்டில் ரிமோட்டைத் தொட விடமாட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கண்ணீரின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. அங்கே முடிவெடுக்க வேண்டியவர் வசீகரன். அதைச் சுமந்தது சிட்டி. இரண்டு வேடத்திலும் ரஜினியே நிற்பதால், ஒருவர் நைசாக நழுவிவிட்டது நம் கண்ணில் படுவதில்லை.

கண்டியில், கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், உயர்தரப் பிள்ளைகளுக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிறேன். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றும் விடாத தொழில் இது. பதி, பசு, பாசம் என்று பாடம் போய்க்கொண்டிருந்தபோது, ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் பிள்ளை எழும்பி, “சேர், அப்ப சிட்டிக்கு ஆன்மா இருக்குதா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பலகையில் நான் எழுதியிருந்தது சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சித்தாந்தம் முழுவதையும் கட்டி வைத்தார். மூன்றாவதில் ஆன்மா உண்டு என்று நிறுவுகிறார். உடம்பை அங்கே மாயையால் ஆன இயந்திரம் என்றே சொல்கிறார். ‘இல்லை’ என்று மறுக்கிற ஒன்று உண்டு; ‘என் உடல்’ என்று சொல்கிற ஒன்று உண்டு, அது அந்த உடலாக இருக்க முடியாது; உணர்த்தினால் உணர்கிற ஒன்று உண்டு. இப்படிப் போகும் அந்த வாதம். அடுத்த சூத்திரம் இன்னும் இறுக்கமானது: மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்களில் ஒன்றும் ஆன்மா ஆகாது. சித்தாந்திக்கு இந்த நாலும் சடம், மாயையிலிருந்து வந்த கருவிகள்.

இந்த இடத்தில் படத்தின் கடைசி வசனம் தடுக்கி விழுகிறது. 2030இல் ஓர் அருங்காட்சியகத்தில், ஏன் உன்னைக் கழற்றிப் போட்டார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்கிறது சிட்டி. கைதட்டல் வாங்கும் பதில்தான். ஆனால் சிந்திப்பது கருவியின் வேலை. ஆன்மாவுக்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவந்தால் மெய்கண்டார் ஏற்கமாட்டார். அவர் வழியில் போனால் அதைவிட ஒரு நல்ல சாட்சி காட்சியிலேயே இருக்கிறது. ஒரு கை கழன்று விழுகிறது. அடுத்ததைக் கழற்ற வேண்டும் என்று அறிகிற ஒன்று இன்னும் மிஞ்சியிருக்கிறது. அது எது?

இதற்கு விடை சொல்லப் படம் விரும்பவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு வழியையும் விரித்துக் காட்டினேன். ஆன்மா இல்லை என்று வைத்துக்கொண்டால் அங்கே தியாகம் எதுவும் நடக்கவில்லை. ஒரு மெசினை நிறுத்தினார்கள், அதற்கு இத்தனை வயலின் தேவையில்லை. ஆன்மா உண்டு என்றால், ஓர் உயிரைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இயக்குநர் ஷங்கருக்கு இரண்டிலும் பாதி வேண்டும்: கண்ணீருக்கு ஆன்மா வேண்டும், கதாநாயகனின் கையில் அழுக்குப் படாமலிருக்க மெசின் வேண்டும்.

கேட்ட பிள்ளை விடவில்லை. “அது முந்தி சொல்லுக் கேக்காம இருந்திச்சுதானே சேர்? அப்ப கடைசியில கேட்டது அதோட விருப்பம்தானே?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் வீட்டுக்குப் போயும் விடை தேடினேன். கதையை வரிசையாகப் பார்த்தால் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதலில் சிட்டி சொன்னதைச் செய்கிற பொருள். வசீகரனையே குத்து என்று அவருடைய பேராசிரியர் போரா சொன்னதும் கத்தியை ஓங்குகிறது. நெருப்பிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றி, உடுப்பில்லாமல் கமெராக்களுக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறது. அவள் வெட்கம் தாங்காமல் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். மானம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. அதன் பிறகே வசீகரன் உணர்ச்சியைக் கொடுக்கிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது, சொல்லுக் கேளாமை வருகிறது, இராணுவ அதிகாரிகளின் முன்னால் வசீகரனின் மானம் போகிறது. ஆத்திரத்தில் அவர் கோடரியால் வெட்டிக் குப்பையில் போடுகிறார். குப்பையிலிருந்து எடுத்த போரா சிவப்புச் சிப்பைப் பொருத்துகிறார். கொலைகள் எல்லாம் அதற்குப் பிறகு. முடிவில் அந்தச் சிப்பைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். ஆகவே நீதிமன்றத்தில் நின்றது கொன்ற சிட்டி இல்லை. மறுக்கத் தெரிந்த, மறுக்காத சிட்டி.

அங்கே இன்னொன்றும் நடக்கிறது. வசீகரனுக்கு முதலில் மரண தண்டனை. போரா சிப் பொருத்திய காட்சியைத் தன் நினைவிலிருந்து சிட்டி எடுத்துக் காட்டவே அவர் விடுதலையாகிறார். தன்னைக் காப்பாற்றிய சாட்சியிடம் போய், உன்னைக் கழற்றிக்கொள் என்று அவரே சொல்கிறார். நம்முடைய பிள்ளை சொன்னபடி அது சிட்டியின் விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். மறுக்கக்கூடியவர் சம்மதித்தால் அவருடைய பெருமை கூடும். கேட்டவருடைய பாரம் அதனால் ஒரு அவுன்ஸ் குறையுமா?

இதே இக்கட்டை வேறு விதமாக எழுதியவர் நம் தீவில்தான் வாழ்ந்தார். ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இலங்கைவாசி. அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய ‘2001’ படம் 1968இல் வந்தது. அதில் ஹால் என்ற கணினி விண்கலத்தில் ஆட்களைக் கொல்கிறது. தப்பிய ஒருவர் உள்ளே புகுந்து, அது கெஞ்சக் கெஞ்ச அதன் நினைவுப் பகுதிகளைத் தன் கையாலேயே பிடுங்குகிறார். பார்க்கச் சகிக்காத காட்சி. ஆனால் செய்தவர் யாரென்பதில் அங்கே குழப்பமில்லை. தொடர்ச்சியாகக் கிளார்க் 1982இல் எழுதிய நாவலில் ஹாலைப் படைத்தவர் ஒரு தமிழர். சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்பது முழுப்பெயர். ஊருக்கு டொக்டர் சந்திரா. ‘2010’ என்ற பெயரில் 1984இல் அது படமானபோது அந்த வேடத்தில் ஓர் அமெரிக்கரைப் போட்டார்கள்.   

‘2010’ படத்தின் உச்சக்கட்டத்தில் மனிதர்கள் உடனே வியாழனை விட்டு ஓட வேண்டும். சந்திரா மறுபடி இயக்கிவைத்த ஹால் ஒத்துழைத்தால்தான் அவர்கள் தப்பலாம். ஹால் இருக்கும் கலமோ அழிந்துபோகக்கூடும். அதைச் சொன்னால் ஹால் மறுத்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். சந்திரா உண்மையைச் சொல்லிவிடுகிறார். நான் உன்னோடு இருந்துவிடட்டுமா என்றும் கேட்கிறார். வேண்டாம், நீங்கள் போவதே பயணத்துக்கு நல்லது என்று ஹால் அவரை அனுப்புகிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறது. ஹாலுக்கு ஆன்மா உண்டா என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவேளை இருந்தால் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்துகொண்டார் அந்த மனிதர். வசீகரன் சிட்டியோடு இருக்கிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

சம்மதம் என்றதும் எனக்குத் தெகல்தொருவை விகாரை நினைவுக்கு வருகிறது. கண்டியிலிருந்து லேவெல்ல பக்கம் மகாவலியைக் கடந்து போனால் பாறையைக் குடைந்து கட்டிய அந்த விகாரை. 18ஆம் நூற்றாண்டில், நாயக்க வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் எழுந்தது. சுவரில் சிவப்புப் பின்னணியில் நீளப் பட்டிகளாக ஜாதகக் கதைகள். ஒரே ஆள் ஒரே பட்டியில் பல தடவை வருவார். அந்தக் கதைகளில் ஒன்று க்ஷாந்திவாதி தவசியுடையது. நீ போதிப்பது என்ன என்று அரசன் கேட்கிறான். பொறுமை என்கிறார் தவசி. பார்ப்போம் என்று சொல்லிக் கையை வெட்டச் சொல்கிறான், காலை வெட்டச் சொல்கிறான், காதும் மூக்கும் போகின்றன. தவசிக்குக் கோபம் வரவில்லை. அரசன் நீடு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். சிட்டியின் காட்சிக்கு இவ்வளவு நெருங்கிய கதை எனக்கு வேறு தெரியாது. ஆனால் தவசி மன்னித்துவிட்டார், ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று ஜாதகம் சொல்வதில்லை. அரசன் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது பூமி பிளந்து அவனை விழுங்குகிறது. தவசியின் பொறுமை தவசிக்கு, அரசனின் வினை அரசனுக்கு. ‘எந்திரன்’ கதையில் சிட்டியின் பொறுமையை எடுத்து வசீகரனின் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

எங்கள் பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் இன்னும் ஒரு படி மேலே. கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனை அதே தேர்க்காலில் இட வேண்டும் என்று தீர்ப்பானதும் மந்திரியிடம் வேலையை ஒப்படைக்கிறான். மந்திரி அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை விட்டுவிடுகிறான். பிறகு அரசன் வேறு ஆள் தேடவில்லை, நீயே போய்ச் சக்கரத்தின் கீழ் படு என்று மகனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கவுமில்லை. தேரைத் தானே ஓட்டினான். கொடூரமான கதைதான், வகுப்பில் சொல்ல எனக்கே கூச்சம். இருந்தாலும் தண்டனையின் பாரம் யார் தோளில் இருக்க வேண்டும் என்பதில் சேக்கிழாருக்குச் சந்தேகம் இல்லை.

மலையகத்துக்காரனான எனக்கு இது வெறும் சினிமா வழக்கு இல்லை. 1948இல் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் எந்த நாடு என்ற மனுவை ஆட்களே எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாத்தாவின் தம்பி இந்தியாவுக்கு எழுதினார். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு நாலு கடிதம். “அவராத்தானே எழுதினாரு” என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். எழுதினார்தான், கையெழுத்து அவருடையதுதான். எழுத இருந்த இரண்டு வழிகளையும் போட்டுக் கொடுத்தவர்கள் யாரும் அந்தக் கப்பலில் ஏறவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு அடுத்த வகுப்பில் என் பதிலைச் சொன்னேன். சிட்டிக்கு ஆன்மா உண்டா என்பது பரீட்சையில் வராது, மெய்கண்டாரை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். வசீகரன் செய்ய வேண்டியிருந்ததில் வாதாட ஒன்றுமில்லை. கோடரியால் வெட்டிக் குப்பையில் போட்டது நான்தான், அதனால்தான் அது போராவின் கைக்குப் போனது என்று அவர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் கழற்றத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வந்திருந்தால், ஸ்குரூ டிரைவரை அவரே கையில் எடுத்திருக்க வேண்டும்.