பின் இருக்கைக்கு யார் பொறுப்பு?

கோவையில் புதுக் கார் எடுப்பவர் ஷோரூமிலிருந்து நேராக வண்டியை விடும் இடங்களில் ஈச்சனாரி விநாயகர் கோயிலுக்குத் தனி இடம் உண்டு. மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, தீபாராதனை காட்டி, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி பொள்ளாச்சி சாலையில் ஏறும். சத்தியமங்கலம் பக்கத்தவருக்குப் பண்ணாரி, காங்கேயத்துக்காரருக்குச் சிவன்மலை, இன்னும் பலருக்குத் தங்கள் குலதெய்வக் கோயில். பெரிய காரியம் எதையும் சாமியிடம் பூக்கேட்டுத் தொடங்கும் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் நாடு இது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. இரும்பும் பெட்ரோலும் வேகமும் சேர்ந்த ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருகிறவன் கொஞ்சம் பயப்படுவது அறிவுள்ள செயல்தான். ஆனால் அந்தப் பயம் எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி. மோதல் சோதனையில் வண்டி எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்று கேட்டால், “நேரம் நல்லா இருந்தா ஒண்ணும் ஆவாதுங்க, நேரம் கெட்டா எந்த வண்டியில போனா என்ன” என்ற பதிலை இங்கே அடிக்கடி கேட்கலாம். இந்தப் பதிலை நம் சமயங்களே ஏற்கவில்லை என்பது என் வாதம். நட்சத்திரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அதற்கு முதன்மையான காரணம் வாங்குபவரின் உயிர்கூட அல்ல, அந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் பங்கே இல்லாமல் அதில் ஏறி உட்காரப் போகிறவர்களின் உயிர்.

முதலில் இந்த நட்சத்திரம் எதை அளக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகிய ஐந்தும் வாங்கியது பூஜ்யம். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், டாட்டா நெக்சான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் ஆனது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுத் திட்டமே நடப்பில் இருக்கிறது. முன்பக்க மோதல் 64 கிலோமீட்டரில், பக்கவாட்டு மோதல் 50 கிலோமீட்டரில், கம்பத்தில் பக்கவாட்டாக மோதுவது 29 கிலோமீட்டரில். பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49 மதிப்பெண், இரண்டும் தனித்தனி. எந்தக் கம்பெனியும் கட்டாயமாக இதற்கு வண்டியைக் கொடுக்க வேண்டியதில்லை, விருப்பப்பட்டால் கொடுக்கலாம். கூடு நசுங்கியதா, ஸ்டியரிங் நெஞ்சில் ஏறியதா, பொம்மையின் கழுத்து என்ன பாடுபட்டது என்பவை அங்கே கருவிகளால் அளக்கப்படுகின்றன. இது விளம்பரக்காரர் கற்பனை அல்ல.

இனி விதி. திருக்குறள் அறத்துப்பாலின் கடைசி அதிகாரமாக ஊழை வைத்து, அதைவிட வலியது எதுவும் இல்லை என்கிறது. அதே நூல் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், சோராமல் உழைப்பவர் ஊழையும் தோற்கடிப்பார் என்கிறது. உரைகாரர்கள் இந்த முரணைப் பலவாறு தீர்த்திருக்கிறார்கள். எனக்கு எளிதாகப் படுவது இது: ஊழ் என்பது நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ளச் சொல்லப்பட்டது, இனிமேல் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. சைவ சித்தாந்தம் இதை இன்னும் துல்லியமாகப் பிரிக்கிறது. பிராரத்தம், இப்பிறவியில் அனுபவித்தே தீரவேண்டிய வினை. ஆகாமியம், அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்ப்பது. லாரி ஒன்று எதிரே வருவது என் பிராரத்தமாக இருக்கலாம். வசதி இருந்தும் நசுங்கும் கூட்டைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து அதில் பிள்ளைகளை உட்காரவைத்தது ஆகாமியம். அதை எந்த ஜாதகத்தின் தலையிலும் கட்ட முடியாது.

எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது, முயற்சிக்குப் பலனே இல்லை என்று முழுமனதோடு சொன்னவர்கள் ஆசீவகர்கள். மற்கலி கோசாலரின் வழி வந்த அந்தச் சமயம் தமிழகத்திலும் நெடுங்காலம் இருந்தது. சமண நூலான உவாசகதசாவில் சத்தாலபுத்தன் என்ற குயவனின் கதை வருகிறது. ஆசீவகனான அவனிடம் மகாவீரர் கேட்கிறார்: இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா, தானாக ஆனவையா? எல்லாம் நியதி என்கிறான் அவன். சரி, ஒருவன் வந்து உன் பானைகளை உடைத்தால், உன் மனைவியிடம் தவறாக நடந்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிவைப்பேன் என்று கொதிக்கிறான். அப்படியானால் செய்தவன் என்று ஒருவன் இருக்கிறான் அல்லவா என்கிறார் மகாவீரர். நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் இதே கேள்வியைப் போடலாம். கணபதியிலும் பீளமேட்டிலும் ஒரு லாட் வார்ப்பில் காற்றுக்குமிழி இருந்து கம்பெனி திருப்பி அனுப்பினால், அந்த வார்ப்பின் தலையெழுத்து என்று எந்த ஃபவுண்டரி முதலாளியும் சொல்வதில்லை. மணலையும் உருக்கையும் அன்றைய ஷிஃப்டையும் விசாரிப்பார். பம்ப்செட்டைச் சோதித்துச் சான்று தர சிட்டார்க் பரிசோதனை நிலையத்தை வைத்திருக்கும் ஊர் இது. மின்சாரச் சிக்கனத்துக்கு பம்ப்செட்டில் ஒட்டும் நட்சத்திரத்தை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள், காரின் நட்சத்திரம் வரும்போது மட்டும் திடீரென்று ஆசீவகர் ஆகிவிடுகிறார்கள்.

விதியை ஏற்க மறுத்த கோவைக்காரர் ஒருவரின் பெயர் உச்ச நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012ல் தொடுத்த பொதுநல வழக்குதான், 2014ல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமையக் காரணம். உடைந்த காலும் நொறுங்கிய இடுப்புமாகத் தினமும் வருபவர்களைப் பார்க்கும் ஒருவர், தைப்பதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். இது தடுக்கக்கூடியது என்ற முடிவுக்கு அவர் வந்தார், நீதிமன்றமும் வந்தது.

இருந்தாலும் என் உயிர், என் பணம், என் விருப்பம் என்று ஒருவர் சொல்லலாம். தனியாக மட்டுமே ஓட்டுபவர் என்றால் அதற்குப் பதில் சொல்வது ஓரளவு கடினம். ஆனால் கொங்கு நாட்டில் கார் தனியாள் வாகனம் அல்ல. சீருக்கும் முகூர்த்தத்துக்கும் கிடாவெட்டுக்கும் மூன்று தலைமுறை ஒரே வண்டியில் ஏறும். பின்னால் உட்காரும் பாட்டிக்கு என்ஜின் சிசி தெரியாது. மடியில் இருக்கும் குழந்தைக்கு எதுவும் தெரியாது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்குத் தெரிந்தாலும் வேறு வண்டி கேட்க முடியாது. இவர்கள் சார்பாக முடிவெடுக்கிறவர் தன் துணிச்சலுக்கு ஏற்ப முடிவெடுக்க உரிமை இல்லை. பிறர் பணத்தை வைத்திருப்பவரிடம் எதிர்பார்க்கும் எச்சரிக்கையை, பிறர் உயிரை வைத்திருப்பவரிடமும் எதிர்பார்க்க வேண்டும்.

“முப்பது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் இல்லை” என்பது அடுத்த மறுப்பு. நல்ல ஓட்டுநரின் கவனம் அவர் பக்கத்தை மட்டுமே காக்கும். 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தின் மீது எதிர்த்திசை கண்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தார்கள். பேருந்தில் இருந்தவர்கள் செய்த பிழை என்ன? நகருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்பாரும் உண்டு. நான்குவழிச் சாலையில் சேலம் போகாத கோவைக் கார் எத்தனை இருக்கும்? அதே சமயம் நட்சத்திரத்துக்கும் எல்லை உண்டு. 120ல் போகும் காரின் இயக்க ஆற்றல், 64ல் போகும் அதே காரைப்போல மூன்றரை மடங்கு. அந்த வேகத்தில் எந்தக் காருக்கும் நட்சத்திரச் சோதனை நடப்பதில்லை. எடை வேறுபாட்டையும் நட்சத்திரம் சொல்லாது: தன்னளவு எடையுள்ள காரோடு மோதுவதைப் போன்றது அந்தச் சோதனை, எனவே ஐந்து நட்சத்திரச் சிறு காரும் ஐந்து நட்சத்திர எஸ்யூவியும் ஒன்றல்ல.

கனமான மறுப்பு ஏழ்மையிலிருந்து வருகிறது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் போவதைப் பார்த்துத்தான் நானோவை நினைத்ததாக ரத்தன் டாட்டா சொன்னார். அந்த நானோ மோதல் சோதனையில் பூஜ்யம் வாங்கியது. ஆனாலும் மொபெட்டில் மனைவி மக்களோடு போகிறவர் பழைய ஆல்ட்டோவுக்கு மாறினால், அவர்கள் முன்னைவிடப் பாதுகாப்பாகவே இருக்கிறார்கள். அவரிடம் போய் நட்சத்திரம் பேசுவது கொடுமை. கடமை கைப்பணத்தைப் பொறுத்தது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்த நியாயத்தை அதிகம் பயன்படுத்துகிறவர் அந்த மொபெட்காரர் இல்லை. பத்துப் பன்னிரண்டு லட்சத்தோடு ஷோரூமில் உட்கார்ந்து, சன்ரூஃபுக்கும் அலாய் வீலுக்கும் பெரிய திரைக்கும் மனம் வந்து, சோதனை முடிவைக் கேட்க மட்டும் நேரமில்லாதவர். ஏழையின் நியாயத்தை அவர் கடன் வாங்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே இருப்பவர்களைப் பற்றி. 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் நடந்து சென்றவர்கள். கார், டாக்ஸி, வேன் வகையறாக்களில் இருந்தவர்கள் 12.5 சதவீதம்தான். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. யூரோ என்கேப் பாதசாரிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மதிப்பெண் போடுகிறது. நம் நட்சத்திரம் உள்ளே இருப்பவருக்கு மட்டுமே மதிப்பெண் போடுகிறது. இங்கேதான் பலருக்கு டோல்கேட்டாக மட்டும் தெரிந்த விஜயமங்கலத்தை நினைக்கத் தோன்றுகிறது. அங்கே பழைய சமணக் கோயில் இருக்கிறது. கொங்கு ஒருகாலத்தில் சமணம் செழித்த மண். நடக்கும்போது முன்னால் இருக்கும் நிலத்தைப் பார்த்து, சிற்றுயிர் மிதிபடாமல் அடிவைக்க வேண்டும் என்பது சமணத் துறவிக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கங்களில் ஒன்று. கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அசட்டையால் உயிர் போனால் அதுவும் இம்சையே என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. ஐந்து நட்சத்திரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, முன்னால் இரும்புக் கம்பியாலான புல் பாரை மாட்டுகிறவருக்கு இந்த வரையறை நேராகப் பொருந்தும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. நடப்பவரின் தொடையையும் இடுப்பையும் உடைப்பது அது. சொந்த ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதையும் கெடுக்கக்கூடியது.

பாதுகாப்புக் கூடினால் ஓட்டுநரின் துணிச்சலும் கூடி, லாபம் கரைந்துவிடும் என்று சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1975ல் வாதிட்டார். முழுவதும் கரைந்துவிடுகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்கவில்லை. கொஞ்சம் கரைவது உண்மையாக இருக்கலாம். அது ஓட்டுபவரைக் கண்டிக்கக் காரணமே தவிர, கூட்டைப் பலவீனமாக விடக் காரணம் ஆகாது.

ஆகவே, வசதி உள்ளவருக்கு நட்சத்திரம் பட்டியலில் ஏழாவது எட்டாவது வரி அல்ல, முதல் சல்லடை. பெரியவர் மதிப்பெண்ணோடு குழந்தை மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் நம்பாமல் எந்தத் தலைமுறை மாடல் சோதிக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். மைலேஜ், ரீசேல், நிறம் எல்லாம் அந்தச் சல்லடையில் நின்ற வண்டிகளுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் வாங்கியதோடு கடமை தீராது. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடஸ் காரின் பின் இருக்கையில். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை. பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் போலிக் கிளிப்புகளை விற்கக் கூடாது என்று 2023ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு உத்தரவு போடவேண்டிவந்தது. உங்கள் வண்டியில் அந்தக் கிளிப் இருந்தால் எடுத்து எறியுங்கள். டாஷ்போர்டில் பயணியின் ஏர்பேக் மூடிமேல் சாமி சிலை ஒட்டியிருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். விரியும் பையின் வேகத்தில் அது முன்னால் இருப்பவரின் முகத்தில்தான் வந்து அடிக்கும். பின்னால் பெல்ட் போடாத பயணிக்கும் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அவர்கள் போட்டபிறகு வண்டியை எடுங்கள்.