பதவி இறக்கத்தின் விலை: பெனின் அளித்த விலக்குரிமையும் அதன் அறமும்

ஓர் ஆட்சியாளர் தம் காலத்தில் நிகழ்ந்த குற்றங்களுக்காக நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட மாட்டார் என்று உறுதியளித்து, அதற்கு ஈடாக அவரைப் பதவியிலிருந்து அமைதியாக இறங்கச் செய்வது அறத்திற்கு உகந்ததா என்ற வினா, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்குப் பிந்தைய வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. பெனின் நாடு 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் இதற்கு அளித்த விடை இரத்தம் சிந்தாமல் கிடைத்தது. அந்த ஒரு சிறப்பின் காரணமாகவே அது பாராட்டப்படும் அளவுக்கு ஆராயப்படுவதில்லை.

தகோமே என்ற பெயரில் 1960 ஆகஸ்ட் 1 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாட்டில், குடியரசுத் தலைவர் பதவி முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் யாருக்கும் நிலைக்கவில்லை. முதல் தலைவர் யூபேர் மாகா 1963இல் படையினரால் அகற்றப்பட்டார். 1965, 1967, 1969 ஆகிய ஆண்டுகளிலும் படை தலையிட்டது. வடக்கு, தென்கிழக்கு, தெற்கின் நடுப்பகுதி என மூன்று வட்டாரங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த மாகா, அப்பித்தி, அஹோமதெக்பே ஆகிய மூவரும் இரண்டாண்டுகளுக்கு ஒருவராக முறைவைத்துத் தலைமை வகிக்கும் விந்தையான ஏற்பாடு 1970இல் செய்யப்பட்டது. மாகாவின் முறை முடிந்து அஹோமதெக்பேயின் முறை நடந்துகொண்டிருந்தபோது, 1972 அக்டோபர் 26 அன்று மத்தியூ கெரேகு என்ற படை அதிகாரி ஆட்சியைக் கைப்பற்றி, மூவரையும் காவலில் வைத்தார். அவர்கள் 1981 வரை விடுவிக்கப்படவில்லை. பதவி இழந்த தலைவருக்கு என்ன நேரும் என்பதைத் தம் கையாலேயே செய்து காட்டிய ஒருவர், பின்னாளில் தாமே பதவியை விட்டு இறங்க அஞ்சியதில் வியப்பில்லை.

கெரேகு 1974இல் மார்க்சிய–லெனினியத்தை அரசின் கொள்கையாக அறிவித்தார். மறு ஆண்டு நாட்டின் பெயரைப் பெனின் மக்கள் குடியரசு என மாற்றினார். ஒரே கட்சி மட்டும் அனுமதிக்கப்பட்ட அந்த ஆட்சியில், மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்கு விசாரணையின்றி அடைக்கப்பட்டனர்; சித்திரவதையும் நடந்தது. அவர்களுள் பலர் மறைவாக இயங்கிய தகோமே பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பது, பொதுவுடைமை பேசிய ஓர் அரசைப் பற்றிச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும். 1980களின் இறுதியில் அரசு வங்கிகள் வீழ்ந்தன. அரசு ஊழியர்களுக்குப் பல மாதங்கள் ஊதியம் கிடைக்கவில்லை. வேலைநிறுத்தங்கள் நாட்டை முடக்கின. வேறு வழியற்ற நிலையில், 1990 பிப்ரவரி 19 அன்று கொட்டோனு நகரில் தேசிய மாநாடு கூட்டப்பட்டது. கட்சிகள், தொழிற்சங்கங்கள், சமய அமைப்புகள், படை, வெளிநாடுவாழ் மக்கள் எனப் பல தரப்பினரிடமிருந்து ஏறத்தாழ 490 பேராளர்கள் கலந்துகொண்ட அந்த அவைக்குக் கத்தோலிக்கப் பேராயர் இசிதோர் தெ சூசா தலைமை தாங்கினார். கருத்துரைக்க அழைக்கப்பட்ட அவை தன்னையே இறைமை பெற்றதாக, அதாவது தன் முடிவுகள் அரசையே கட்டுப்படுத்தும் என்று, அறிவித்துக்கொண்டது. நிசெஃபோர் சோக்லோவைப் பிரதமராகத் தெரிந்தெடுத்த அந்த அவையின் முடிவுகளைக் கெரேகு ஏற்றுக்கொண்டார். 1991 மார்ச்சில் நடந்த தேர்தலில் சோக்லோவிடம் தோற்றார். தம் ஆட்சியில் நேர்ந்தவற்றுக்காக வருத்தம் தெரிவித்தார். 1972 அக்டோபர் முதல் அவர் செய்த எதற்காகவும் அவர்மீது வழக்குத் தொடுக்க இயலாதவாறு விலக்குரிமை என்னும் சட்டக் காப்பும் அவருக்கு அளிக்கப்பட்டது.

இந்தக் காப்பை நியாயப்படுத்துவோர் முதலில் சுட்டுவது பிற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பட்டறிவை. கானாவில் 1979 ஜூனில் முன்னாள் நாட்டுத் தலைவர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். லைபீரியாவில் 1980இல் குடியரசுத் தலைவர் டோல்பர்ட் தம் மாளிகையிலேயே கொல்லப்பட்டார். அவரைக் கவிழ்த்த சாமுவேல் டோ, பெனின் இடைக்கால ஆட்சியில் இருந்த அதே 1990ஆம் ஆண்டில், போராளிகளின் கையில் சித்திரவதைக்கு உள்ளாகி மாண்டார். காம்பியாவின் குடியரசுத் தலைவர் யாயா ஜாமே 2016 டிசம்பரில் தேர்தல் தோல்வியை ஏற்றுக்கொண்டு, பின்னர் அவர்மீது வழக்குத் தொடரப்படும் என்ற பேச்சு எழுந்துகொண்டிருந்த நாட்களில் அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றார்; அண்டை நாட்டுப் படைகள் எல்லை கடந்த பிறகே அவர் வெளியேறினார். இறங்கினால் சாவோ சிறையோ நிச்சயம் என்று நம்புகிற ஒருவர், தம் கையில் துப்பாக்கிகள் இருக்கும்வரை இறங்க மாட்டார். அவர் இறங்காமல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சிலரைச் சிறைக்கு அனுப்பும். நடந்துபோன கொடுமைக்குரிய தண்டனையையும், இனி நடக்கவிருக்கும் கொடுமையின் தடுப்பையும் எடைபோட நேர்ந்தால், பின்னதைத் தேர்வது கோழைத்தனமாகாது என்ற இந்த வாதம் வலிமையானது.

ஆயினும் மன்னிப்பு யாருடைய உடைமை என்ற எதிர்வினா எளிதில் அகல்வதில்லை. கடன் கொடுத்தவன் மட்டுமே கடனைத் தள்ளுபடி செய்ய இயலும். அவ்வாறே, அடிபட்டவர் சார்பில் அடிபடாதவர் மன்னிப்பது மன்னிப்பே ஆகாது. கொட்டோனு மாநாட்டில் கெரேகுவால் காவலில் வைக்கப்பட்டிருந்த மாகாவும் அஹோமதெக்பேயும் அமர்ந்திருந்தனர் என்பது உண்மை. அவர்கள் விட்டுக்கொடுத்தால் அதற்கு அவர்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் சிறைப்பட்டோருள் பலரைத் தன் உறுப்பினராகக் கொண்டிருந்த தகோமே பொதுவுடைமைக் கட்சி அம்மாநாட்டைப் புறக்கணித்தது. இறந்தவர்களோ எந்த மாநாட்டிற்கும் வர இயலாதவர்கள். ஆகவே அந்த விலக்குரிமையை மன்னிப்பு என்று அழைப்பது பிழை. நாடு தன் பாதுகாப்பிற்காகச் செய்துகொண்ட உடன்படிக்கை என்றே அதைக் கொள்ள வேண்டும். உடன்படிக்கைக்கு உரிய கேள்விகளையே அதனிடம் கேட்கவும் வேண்டும்.

முதற்கேள்வி, கொடுத்ததற்கு ஈடாகப் பெறப்பட்டது உண்மையிலேயே கைக்கு வந்ததா என்பது. சியரா லியோனில் 1999ஆம் ஆண்டின் லோமே ஒப்பந்தம் கலகக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. அவர்களோ ஆயுதத்தைக் கீழே வைக்காமல் மறு ஆண்டே மீண்டும் போரில் இறங்கினர். அங்கே விலை கொடுக்கப்பட்டது, பொருள் வந்து சேரவில்லை. பெனினில் பொருள் வந்து சேர்ந்தது: ஆப்பிரிக்கப் பெருநிலப்பரப்பில் பதவியில் இருந்த ஒரு குடியரசுத் தலைவர் மக்கள் நேரடியாக வாக்களித்த தேர்தலில் தோற்று விலகிய முதல் நிகழ்வு அதுவே. இவ்வெற்றி முழுவதையும் காப்புறுதியின் கணக்கில் எழுதுவதும் முறையன்று. அடுத்திருந்த டோகோவிலும் 1991இல் தேசிய மாநாடு கூடிக் குடியரசுத் தலைவர் எயதேமாவின் அதிகாரங்களைப் பறித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே படையினர் இடைக்காலப் பிரதமரின் இருப்பிடத்தைத் தாக்கினர். எயதேமா 2005இல் இறக்கும்வரை ஆண்டார். டோகோவின் படை அவருடைய சொந்த வட்டாரத்தாரால் நிரம்பியிருந்தது. பெனின் அரசின் கருவூலமோ காலியாகியிருந்தது. அஞ்சியவனுக்கு அபயம் அளித்ததனால் மட்டுமே கெரேகு இறங்கவில்லை. தாங்கி நிற்க எதுவும் எஞ்சாததும் ஒரு காரணம்.

இரண்டாவது கேள்வி, தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டதா என்பது. பெனின் தவறியது இங்கேதான். தண்டனையிலிருந்து விடுவிப்பது ஒன்று, விசாரணையிலிருந்து விடுவிப்பது வேறொன்று. தென்னாப்பிரிக்கா 1995இல் இயற்றிய சட்டம், தாம் செய்ததை முழுமையாக வெளிப்படுத்தியவருக்கே மன்னிப்பு என்று நிபந்தனை விதித்தது. பாதிக்கப்பட்டவர் தண்டனையை இழந்தாலும் உண்மையையேனும் பெற்றார். கெரேகுவுக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. பொதுவாகச் சொல்லப்பட்ட ஒரு வருத்தமே, பெயர் குறித்து, நாள் குறித்துச் சொல்லப்பட வேண்டிய கணக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவருடைய ஆலோசகராக விளங்கிய மாலி நாட்டு மாந்திரிகர் சிசே, அரசு வங்கிப் பணத்தைச் சுருட்டிய வழக்கில் 1992இல் தண்டிக்கப்பட்டார். அமர்த்தியவரை விட்டுவிட்டு அமர்த்தப்பட்டவரைத் தண்டிக்கும் நீதி, நீதியின் வடிவத்தை மட்டுமே கொண்டிருக்கிறது.

காப்புப் பெற்றவர் மீண்டும் பதவி நாடலாம் என்பதும் அந்த உடன்படிக்கையில் அடைக்கப்படாத வழியாக இருந்தது. கெரேகு 1996இல் சோக்லோவைத் தோற்கடித்துத் திரும்பி வந்தார். 2001இல் மீண்டும் வென்றார். மக்கள் வாக்களித்தனர் என்பதால் இதில் குற்றமில்லை என்று சொல்லலாம். ஆனால் எதை மறந்து வாக்களிக்கிறோம் என்பதை அறியும் வாய்ப்பு அவ்வாக்காளருக்கு முழுமையாக அளிக்கப்படவில்லை. மறுபுறம், இரண்டு பதவிக்காலங்களுக்கு மேல் எவரும் தலைவராக இருத்தலாகாது என்றும், எழுபது வயதைக் கடந்தவர் போட்டியிடலாகாது என்றும் விதித்த 1990ஆம் ஆண்டு அரசமைப்பைத் திருத்தாமல், 2006இல் அவர் வெளியேறினார். இறங்குவது ஆபத்தில்லை என்பதை ஒருமுறை கண்டவர், இரண்டாம் முறை எளிதாக இறங்கினார் என்று கருத இடமுண்டு. 1991இன் உடன்படிக்கைக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த சான்றும் இதுவே.

ஆனால் அந்தக் காப்பு ஒருவருக்கு மட்டும் உரியதாகவே நின்றுவிட்டது. 2006 முதல் 2016 வரை தலைவராக இருந்து, காலம் முடிந்ததும் விலகிய யாயி போனி, எதிர்க்கட்சிகள் பங்கேற்க இயலாமல் நடந்த 2019 சட்டமன்றத் தேர்தலைக் கண்டித்தபின், ஏறத்தாழ ஐம்பது நாட்கள் கொட்டோனுவில் தம் வீட்டைவிட்டு வெளியேற இயலாதபடி பாதுகாப்புப் படையினரால் முற்றுகையிடப்பட்டார். அவருக்குப் பின் வந்த பத்திரிஸ் தலோனின் ஆட்சியில், 2021 தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட முனைந்த ரெக்கியா மதுகுவுக்கு இருபது ஆண்டுச் சிறையும், ஜோயல் அய்வோவுக்குப் பத்து ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், கெரேகுவைத் தண்டியாமல் விட்டது சரியே. அவரை விசாரியாமல் விட்டது தவறு.