அறிதலும் காட்டுதலும்

ஓர் உண்மையை அறிதல் என்பது யாது? அஃது உண்மையெனத் துணிந்தாற் போதுமா, அன்றி அதனைப் பிறர்க்குக் காட்டவும் வேண்டுமா? மெய்யியலாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவை 147573952589676412927 என்னும் 21 இலக்க எண்ணின் வரலாறு தெளிவுற முன்வைக்கின்றது.

இரண்டின் 67ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது இவ்வெண். பிரெஞ்சுத் துறவியான மேர்சென் 1644இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை முதன்மை எண்களின் வரிசையிற் சேர்த்திருந்தார். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது என்பது அதன் கருத்து. நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. எனினும் 200 ஆண்டுகளுக்கு மேலாக அக்கூற்று மறுக்கப்படாது நின்றது.

1876இல் எடுவாட் லூக்காஸ் அது பிழையென நிறுவினார். ஆனால், அவ்வெண்ணின் காரணி ஒன்றையேனும் அவர் காட்டவில்லை. இஃது எங்ஙனம் இயலும் என ஐயுறுவோர்க்குச் சிறியதோர் உதாரணம் கூறலாம். இரண்டைத் தவிர்ந்த எந்த முதன்மை எண்ணை எடுப்பினும், அதனிலும் ஒன்று குறைந்த வலுவுக்கு இரண்டை உயர்த்தி, வருவதை அம்முதன்மை எண்ணால் வகுத்தால் ஒன்றே மீதியாகும். இது 17ஆம் நூற்றாண்டிற் பேர்மா கண்ட விதி. 15ஐ இவ்வாறு சோதித்தால், இரண்டின் 14ஆம் வலுவாகிய 16384ஐ அது வகுக்கையில் 4 மீதியாகின்றது. ஆகவே 15 முதன்மை எண்ணன்று. அதன் காரணிகளைத் தேடாமலே இம்முடிவு பெறப்படுகின்றது. லூக்காஸ் கையாண்ட முறை வேறாயினும் அதன் இயல்பு இத்தகையதே.

27 ஆண்டுகள் கழித்து, 1903 ஒக்டோபரில், நியூயோர்க்கிற் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளை வெளியிட்டார். அவை 193707721, 761838257287 என்பன. அவர் ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையிற் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்பர்.

அக்காரணிகள் 1903க்கு முன்னரும் இருந்தனவா? கணிதப் பொருள்களை மனித உள்ளத்தின் ஆக்கமெனக் கொண்ட புறூவரின் வழிவந்தோரும் இவ்விடத்தில் முரண்படார். சோதிக்க வேண்டிய எண்கள் ஒரு வரம்புக்குட்பட்டவை. ஒவ்வொன்றாக வகுத்துச் சென்றால் விடை கிடைத்தே தீரும். எனவே, இங்கு எழும் வினா காரணிகளின் இருப்பைப் பற்றியதன்று. சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலுள்ள கடப்பாட்டைப் பற்றியது.

மேர்செனை ஏற்றோர் அவர் பெயரை நம்பினர். லூக்காஸை ஏற்க விரும்புவோர் அவர் தேற்றத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அன்றேல் விளங்கியோரை நம்பவேண்டும். கோலை ஏற்பதற்கோ எவரையும் நம்பவேண்டியதில்லை. பெருக்கல் அறிந்த பாடசாலை மாணவன் ஒரு தாளிற் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதனால் கோல் காட்டியதே அறிவு, லூக்காஸ் கண்டது குறையறிவு எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. அதே 1876இல், இரண்டின் 127ஆம் வலுவிலும் ஒன்று குறைந்த, 39 இலக்கங்கொண்ட எண் முதன்மையானது என லூக்காஸ் நிறுவினார். அங்கே எடுத்துக் காட்டுதற்குக் காரணியே இல்லை. நிறுவல் ஒன்றே சான்று. காட்டக்கூடியதை மட்டுமே அறிவென்போமாயின், இத்தகைய உண்மைகள் அனைத்தையும் இழப்போம்.

ஆகவே, காட்டக்கூடியதைக் காட்டுதலும், காட்டவியலாவிடத்து நியாயத்தைத் திறந்து வைத்தலும் அறிஞனின் கடன். மேர்சென் பிழைபட்டது பெருங்குற்றமன்று, பிழைபடாதார் எவருமிலர். சோதித்தற்கு வழி வையாது சொன்னமையே குறை. அக்குறையில், கேளாது ஏற்றுக்கொண்டோர்க்கும் பங்குண்டு.