இடிதாங்கியும் சரணாகதியும்

மின்னழுத்த எழுச்சியிலிருந்து வீட்டுச் சாதனங்களைக் காப்பது இன்று மின்பணியாளரின் வேலையாக மட்டுமே கருதப்படுகிறது. எனினும் அக்காப்பின் மூதாதையாகிய இடிதாங்கி 18-ஆம் நூற்றாண்டில் கட்டடங்களின் உச்சிக்கு ஏறியபோது, அதைச் சுற்றி எழுந்த வழக்குகளுள் ஒன்று சமய வழக்காக இருந்தது. விண்ணிலிருந்து விழுவது இறைவனின் தீர்ப்பு என்றால் அதைக் கம்பி கட்டித் திருப்பிவிடுவது முறையா, முறையென்றால் இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என்பதற்குப் பொருள்தான் என்ன என்பதே அவ்வழக்கின் சாரம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் தம் 1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில், கூரைக்கு மேல் நீட்டிய இரும்புக் கம்பியின் மறுமுனையை ஈரமண்ணில் 3, 4 அடி ஆழத்துக்கு இறக்கி வீட்டைக் காக்கும் முறையை வெளியிட்டார். 1755 நவம்பரில் பாஸ்டன் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியபோது, அந்நகரின் போதகர் தாமஸ் பிரின்ஸ், இக்கம்பிகள் வானத்து மின்சாரத்தை மண்ணில் கொண்டு சேர்த்ததே நடுக்கத்துக்குக் காரணமாகலாம் என்றும், கடவுளின் கைக்கு எவரும் தப்ப இயலாது என்றும் எழுத, ஹார்வர்டு கல்லூரிப் பேராசிரியர் ஜான் வின்த்ரோப் அதை மறுத்தார். பிராங்க்ளினின் வாதமோ எளியது: இடியும் மழையும் வெயிலும் ஒரே வானத்திலிருந்துதான் வருகின்றன, மழைக்கும் வெயிலுக்கும் கூரை வேய்வதில் குற்றம் காணாதவர், இடிக்குக் கம்பி நடுவதில் மட்டும் குற்றம் காண்பது பொருந்தாது.

இவ்வழக்கை நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான போராகச் சுருக்குவது பிழையாகும். ஐரோப்பியத் தேவாலயங்கள் இடிக்கு எதிராக ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. மந்திரித்த மணிகளை இடிமழையின்போது விடாமல் அடித்தால் இடி விலகும் என்று அவை நம்பின. ஊரிலேயே உயரமான கோபுரத்தின் அடியில், நனைந்த கயிற்றைப் பிடித்து நின்ற மணியடிப்போரே அதற்கு விலை கொடுத்தனர். 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களை இடி தாக்கியதாகவும் 103 மணியடிப்போர் மாண்டதாகவும் 1784-இல் மியூனிக் நகரில் வெளியான நூல் ஒன்று கணக்கிட்டது. மறுபுறம், 1754-இல் மொராவியாவின் பிரீமெட்டிட்செ ஊரில் இடிதாங்கி போன்ற ஓர் அமைப்பை நட்டவர் புரோகோப் டிவிஷ் என்ற கத்தோலிக்கக் குரு. சில ஆண்டுகள் கழித்து மழை பொய்த்ததற்கு அதன்மேல் பழிபோட்டுப் பிடுங்கி எறிந்தவர்கள் அவ்வூர் உழவர்கள். ஆகவே காப்பு வேண்டுமா என்பதில் பெரும்பாலோருக்கு ஐயம் இருந்ததில்லை. எந்தக் காப்பு இறைவனுக்கு உகந்தது என்பதிலேயே பிணக்கு இருந்தது.

முயற்சிக்கும் அருளுக்கும் உள்ள உறவைத் தமிழ் வைணவம் வேறொரு முனையிலிருந்து ஆராய்ந்தது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல உயிரின் முயற்சியும் ஓரளவு வேண்டும் என்பது வடகலையாரின் கொள்கை. தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல உயிர் வாளா இருப்பதே போதும் என்பது தென்கலையாரின் கொள்கை. இதைக் கேட்போர், பூனைக்குட்டி நெறியினர் வீட்டுக் கதவைத் தாழிடவும் தயங்குவர் என எண்ணக்கூடும். ஆனால் அந்நெறியின் பேராசிரியராகப் போற்றப்படும் பிள்ளை லோகாசாரியரே, 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, உற்சவத் திருமேனியாகிய நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார் என்றும், மூலவர் சன்னிதி கல்திரையால் மறைக்கப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. முதிய வயதில் அவ்வழியிலேயே, மதுரைக்கு அருகில் ஜோதிஷ்குடியில் அவர் பரமபதித்தார். வீடுபேற்றுக்குத் தன் முயற்சியை வழியாகக் கருதலாகாது என்று கற்பித்தவர், தம் கைக்கு வந்த பொருளைக் காக்கும் கடமையைக் கைவிடவில்லை. சரணாகதி என்பது பயனின்மேல் உரிமை கோராமை. காவலை விட்டுவிடுதல் அதனுள் அடங்காது.

பயனுக்கும் காவலுக்கும் இடையிலான இப்பாகுபாட்டை மின்காப்பின் இயக்கத்திலும் காணலாம். மின்னழுத்த எழுச்சி என்பது, 230 வோல்ட் அளவில் ஓடும் வீட்டு மின்னழுத்தம் நொடியின் மிகச் சிறு கூறில் பல மடங்காகத் தாவி அடங்குவதாகும். அருகில் எங்கோ விழும் இடியும் அதை உண்டாக்கும், வீட்டுக்குள்ளேயே மோட்டார் நின்று ஓடுவதும் உண்டாக்கும். மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சமப்படுத்தும் ஸ்டெபிலைசர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எழுச்சியிலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டரிலோ துத்தநாக ஆக்சைடால் ஆன வில்லை ஒன்று இருக்கிறது. இயல்பான மின்னழுத்தத்தில் ஏறக்குறைய மின்கடத்தாப் பொருளாக இருக்கும் அவ்வில்லை, அழுத்தம் எல்லை மீறிய கணத்தில் கடத்தியாக மாறி, மிகுதியைத் தன் வழியே திருப்பிவிடுகிறது. அது வெள்ளத்தை மறிக்கும் அணையைப் போன்றதன்று, வடிகாலைப் போன்றது. ஒவ்வோர் அடியிலும் சிறிது தேய்ந்து ஒரு நாள் அது செயலிழப்பதால், அதைக் காட்டவே பல கருவிகளில் சிறு விளக்கு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. இடி நேரே விழுந்தால் அதுவும் தாங்காது. இடி முழங்குமுன் பிளக்கைக் கழற்றிவைப்பதே அங்கே மிஞ்சும் வழி.

தன் எல்லையை அறிந்த இத்தகைய காப்பில் இறுமாப்புக்கு இடமில்லை. காக்கும் வழி தெரியாத காலத்தில் இழப்பை ஊழ் என ஏற்பது பணிவாகும். வழி தெரிந்த பின்னும் அப்படியே சொல்வது, சோம்பலுக்குச் சமயத்தின் பெயரைச் சூட்டுவதாகும். வழி அறிந்து அதைச் செய்து முடித்தபின், மிஞ்சிய விளைவை உரிமை கோராமல் விட்டுவிடுவதே சரணாகதிக்குரிய இடம். வழி அமைக்கும் இக்கடமையை வீட்டுப் பிளக்கிலேயே காணலாம். மூன்று முனைப் பிளக்கில், நிலத்தோடு இணைக்கும் எர்த் முனை மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாகச் செய்யப்பட்டிருப்பது, செருகும்போது நிலத்தோடு உள்ள தொடர்பு முதலில் ஏற்பட்டு, கழற்றும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே. அத்தொடர்பு இல்லாவிட்டால் விலையுயர்ந்த காப்புக் கருவியும் தன் பயனில் பெரும்பகுதியை இழந்துவிடும். கரியும் உப்பும் இட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துபோகாதபடி அதில் தண்ணீர் ஊற்றிவரும் இல்லத்தார், தம்மை மீறிய ஆற்றல் ஒன்று உண்டு என்பதையும், அது இறங்கிப்போக வழி அமைப்பது தம் கடன் என்பதையும் ஒருங்கே ஒப்புக்கொள்கின்றனர்.