உடைமையும் கேள்வியும்

பொருளொன்றை உடையவன் அதன் பயனையும் உடையவன் ஆவானா என்ற வினா, நிலத்தையும் நெல்லையும் வைத்தே பெரிதும் ஆராயப்படுவதுண்டு. பழைய வால்வு அம்பிளிபயர் ஒன்றை வைத்து அதனை ஆராயப் புகுதல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், செவிக்குரிய பொருளிலேதான் உடைமையும் பயனும் பிரிந்து நிற்பதைத் தெளிவாகக் காண முடிகின்றது. திருவள்ளுவர் கேள்வியைப் பொருட்பாலில் வைத்துச் செல்வமாகக் கொண்டார். அவர் கருதியது சான்றோர் சொற்கேட்டலையே. எனினும் கேட்டலைச் செல்வமென்று கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயில் கொண்டுள்ள கடலோரக் கிராமம் சல்லி. அங்கே ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டு நீங்கியபோது, துறைமுகத்தில் வேலைசெய்த ஒருவர், புறப்பட்டுச் சென்ற அதிகாரியிடமிருந்து குவாட் 2 வகை அம்பிளிபயர் ஒன்றை வாங்கினார் எனக் கொள்க. இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட 1970-77 காலத்தில் அதனைத் திருத்தித் திருத்திப் பாடவைத்தார். அன்று திருத்துதல் இரசனையன்று, தேவை. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய ரேடியோ கசெற்றுகள் வந்து குவிந்தபோது அது மூலைக்குப் போயிற்று. தந்தை மறைந்தபின் மகன் அதனை வெளியே எடுத்தான். வெள்ளிதோறும் மாலையில் விறாந்தையில் வைத்துப் பழைய இசைத்தட்டுகளைப் போடுகிறான். அயலவர் வந்திருந்து கேட்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் பெருந்தொகை தர முன்வருகிறார். "தம்பி, இதன் அருமை தெரிந்த இடத்தில் இது இருக்கவேண்டும்" என்கிறார் அவர். "ஐயா, இது அப்பா பாவித்தது" என்கிறான் மகன். இருவருள் எவர் பக்கம் நியாயம்?

நன்கு கேட்கத் தெரிந்தவனுக்கே கருவி உரியது என்பது சேகரிப்பாளரின் வாதம். 'ஹை-ஃபை' என்ற தொடர் உயர்ந்த மெய்ம்மை என்று பொருள்படுவது. மூல ஒலிக்கு உண்மையாயிருத்தலே அதன் குறிக்கோள். இங்கிலாந்திலே 1953இல் குவாட் 2 வெளிவரக் காரணராயிருந்த பீட்டர் வோக்கர், நல்ல அம்பிளிபயர் தனக்கெனக் குரல் அற்றதாய் இருத்தல் வேண்டும் எனக் கருதியவர். 1978இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஜேம்ஸ் மோயர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். இந்த வால்வுக் கருவியையும், அதே நிறுவனத்தின் பிற்காலத் திரான்சிற்றர் கருவிகளான 303, 405 ஆகியவற்றையும், எது ஒலிக்கின்றதென்று அறிவிக்காமல் கேட்கச் செய்தபோது, பழகிய செவியினராலும் அவற்றை உறுதியாக வேறுபடுத்த இயலவில்லை. அளவுக்கு மீறி உழைக்கவைத்தால் வால்வின் ஒலி மெல்லத் திரிபடையும், திரான்சிற்றரின் ஒலி சடுதியாக வெட்டுப்படும் என்பது உண்மையே; வால்வுக் கருவிகள் சில சேர்க்கும் சிறு திரிபு காதுக்கு இதமாயிருப்பதும் உண்மையே. ஆனால் அது இனிமை, மெய்ம்மையன்று. இனிமையை விரும்புவதிற் குற்றமில்லை. அதற்கு மெய்ம்மையென்று பெயரிட்டு, அப்பெயரால் பிறர் பொருளுக்கு உரிமை கோருவதே குற்றம். அன்றியும், எந்நேரமும் ஒலியின் குறையைத் தேடித் திரியும் செவிக்குப் பாட்டு எங்கே அகப்படும்?

மகனின் வாதமும் முழுமையானதன்று. தந்தையின் நினைவே காரணமெனின் இயங்காத கருவியும் அதற்குப் போதும்; சுவரிலுள்ள தந்தையின் படம் பேசுவதில்லையே. ஆயின் இக்கருவியின் இயல்பு வேறு. பேணுதல் என்று மூடிவைத்தால் இது அழியும். மின்பகு கொண்டென்சர்கள் நெடுநாள் மின்னின்றிக் கிடந்தால் உட்படலம் நலிந்து கெடுகின்றன. உப்புக்காற்று மின்மாற்றியின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, வால்வு ஊசிகளிற் களிம்பேற்றுகின்றது. இயக்கினாலோ வால்வு தேய்கின்றது. நிறுத்திய பின்னும் சில நூறு வோல்ற்று மின்னழுத்தம் உள்ளே தங்கிநிற்கக் கூடுமாதலின், திருத்தக் கைவைப்பவனுக்கு ஆபத்தும் உண்டு. கேளாது வைத்திருந்தாலும் இழப்பு, கேட்டாலும் இழப்பு என்ற நிலையில், கேட்டு இழத்தலே அதனை உடையவனாயிருக்கும் வழி. மகன் வெள்ளிதோறும் செய்வது, தெரிந்தோ தெரியாமலோ, இதுவே.

இவ்வழக்கிலே பெயர் பெறாதோர் விறாந்தையில் இருக்கும் அயலவர். 1990களில் பொருளாதாரத் தடைக்குள், மின்சாரமும் பற்றரியும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தில், மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வானொலி ஒருவருடையதாகவும், சைக்கிள் இன்னொருவருடையதாகவும், மிதிக்கும் கால் மூன்றாமவருடையதாகவும் இருந்திருக்கலாம், கேள்வி எல்லாருடையதுமாயிற்று. ஒலியின் தரம்பற்றி அங்கு எவர் வினவியிருப்பார்? எனினும் அதனினும் கூர்ந்த கேட்டல் அரிது.

கேட்டவர்க்கெல்லாம் பங்குண்டெனின், திருவிழாக் காலத்துக் குழாய் ஒலிபெருக்கியை விரும்பாமலே கேட்டுக் கிடக்கும் நோயாளிக்கும் அதிற் பங்குண்டு என்றாகுமே என மறுக்கலாம். மறுப்பு வலியதே. ஆயின் விறாந்தைக்கு நடந்து வந்தவரையும், படுக்கையிற் கிடந்து கேட்க நேர்ந்தவரையும் ஒன்றாக எண்ணுதல் தகாது. வாராவாரம் வந்து காத்திருந்தமையே அயலவரின் பங்கினை நிறுவுகின்றது. அது சட்டத்தின்பாற்பட்ட உரிமையன்று. விற்பதற்கு மகனுக்கு உரிமை உண்டு. அவர்களிடம் ஒரு சொற் சொல்லாது விற்பதற்கு உண்டா என்பதே ஐயம்.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கியது. அன்று அவ்வீட்டினுள்ளும் கடல் புகுந்து அம்பிளிபயரை அள்ளிச் சென்றிருக்குமாயின், சேகரிப்பாளர் வேறோர் ஊரில் வேறொன்றைத் தேடியிருப்பார். மகன் இழப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரி எழுதியிருப்பான். வெள்ளி மாலைகளில் வந்திருந்தோர் இழந்ததை எழுத அப்படிவத்தில் இடம் இருந்திராது. விலை பேசப்படும் இன்றும் அவர்களை எவரும் வினவவில்லை.