கையுறைக்குள் இருந்த கை

லத்தீன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களிடம் பலரும் முதலில் கொடுப்பது டென்மார்க் ஆசிரியர் ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய பாடநூலைத்தான். அட்டை முதல் அட்டை வரை லத்தீன் மட்டுமே. வேறு மொழியில் விளக்கம் கிடையாது. படங்களும் ஓரக் குறிப்புகளும்தான் துணை. யூலியுஸ் என்ற பணக்காரர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், அவர்களுடைய பெரிய வீடு என்று கதை போகிறது. இரண்டாம் பாடத்திலேயே அந்த வீட்டில் அடிமைகள் நூறு பேர் என்று தெரிந்துவிடும். நான்காம் பாடம் ஏவல் வினையும் விளி வேற்றுமையும். ஏவலைக் கற்றுத்தர ஏவுகிறவர் ஒருவர், ஏவப்படுகிறவர் ஒருவர் வேண்டுமே. யூலியுஸ் அடிமைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். போ என்கிறார், வாயை மூடு என்கிறார். பணப்பையில் காசு குறைந்திருக்கிறது. தடி என்பதற்கான சொல்லும் அந்தப் பாடத்தில்தான் அறிமுகமாகிறது.

இலக்கணம் எனக்கு அவ்வளவு சிரமம் தரவில்லை. எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர்களுக்கு லத்தீனின் ஆறு பெரிய மலைப்பாக இராது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் விழி பிதுங்கி நிற்கும் இடத்தை நாம் சாதாரணமாகக் கடந்துவிடலாம். எனக்கு இடறியது அந்த நூறு பேர்.

லத்தீன் மேல் ஆசை வந்தது தாத்தாவால். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் பீடச் சிறுவனாக இருந்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களில்தான் பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை சாமியார் லத்தீனில் சொல்லச் சொல்ல, பதிலையும் லத்தீனிலேயே சொல்ல வேண்டியது பீடச் சிறுவர்களின் பொறுப்பு. அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் கிழவரான பிறகும் பிசிறில்லாமல் ஒப்பிப்பார். அந்த ஓசைக்குப் பொருள் தேடித்தான் நான் இதற்குள் வந்தேன். வீரமாமுனிவர் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியவர், குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அவற்றைப் படிக்கும் அளவுக்கு இன்னும் தேறவில்லை.

பாளையங்கோட்டையில் வங்கி வேலை, இரண்டு பள்ளிப் பிள்ளைகள். எனக்குக் கிடைக்கிற லத்தீன் நேரம் விடியற்காலை ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அடுப்படியைப் பார்த்துக்கொள்வது அத்தை. நான் வினைத்திரிபு வாய்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே குக்கர் விசில் அடிக்கும், தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும். “யாருமே பேசாத பாஷைய எதுக்குளா இப்படி விழுந்து விழுந்து படிக்க?” என்று ஒருநாள் கேட்டார். தாத்தா கதையைச் சொன்னேன். “அது சரி” என்று போய்விட்டார்.

ஓர்பெர்க்கை முடித்துவிட்டு மூல நூல்களைத் தட்டுத்தடுமாறி வாசிக்கத் தொடங்கியபோது ஒன்று புலப்பட்டது. ரோமானியர்களுக்கு நேரத்தைப் பற்றிய கவலை தீராதது. நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். அந்த நேரத்துக்குப் பின்னால் வேறொருவர் வேலை செய்துகொண்டிருப்பதும் அதே பக்கங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ரோம அரசியல்வாதி கேட்டோவின் வேளாண்மை நூலை எடுத்துக்கொள்வோம். கி.மு. 160 வாக்கில் எழுதப்பட்டது. முழுதாகக் கிடைத்திருக்கும் லத்தீன் உரைநடை நூல்களில் இதுவே மிகப் பழையது. நிலத்தின் சொந்தக்காரர் பண்ணைக்கு வருகிறார். வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடுகிறார், வயலைச் சுற்றிப் பார்க்கிறார், பிறகு காரியக்காரனைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறார். அடிமைகளுக்கு உடம்புக்கு முடியவில்லை, மழை, சிலர் ஓடிப்போய்விட்டார்கள் என்று அவன் காரணம் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டோ வரிசையாகத் தருகிறார். மழை நாளில் சாடிகளைக் கழுவியிருக்கலாம், தானியத்தை இடம் மாற்றியிருக்கலாம், எருவை அள்ளியிருக்கலாம், கயிறு முறுக்கியிருக்கலாம், கிழிந்த துணியைத் தைத்திருக்கலாம். பண்டிகை நாளில் பழைய வாய்க்காலைத் தூர் எடுத்திருக்கலாம். உடம்புக்கு முடியாமல் கிடந்தவர்களுக்கு அவ்வளவு சாப்பாடு அளந்திருக்க வேண்டாம். கடைசியில் விற்றுத் தள்ள வேண்டியவற்றின் பட்டியல் வருகிறது. அதில் கிழட்டு மாடு, பழைய வண்டி, தேய்ந்த கருவிகளுக்குப் பக்கத்தில் வயதான அடிமையும் நோய்ப்பட்ட அடிமையும் இருக்கிறார்கள்.

அந்தக் காலம் அப்படி, நம் அளவுகோலைப் போடக் கூடாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்து, அதே உலகத்தில் வாழ்ந்த கிரேக்கர் புளூட்டார்க், கேட்டோவின் வரலாற்றை எழுதும்போது இந்த இடத்தில் நின்று முகம் சுளிக்கிறார். தனக்காக உழைத்துக் கிழடான மாட்டைக்கூட விற்க மனம் வராது, மனிதனை எப்படி என்கிறார். அந்தக் காலத்தில் இருந்த ஒருவருக்கே உறுத்தியிருக்கிறது.

கேட்டோவை வெறுப்பது சுலபம். பிளினியை வெறுக்க முடியாது; சிக்கலே அதுதான். நம் வரலாற்றுப் புத்தகங்களில் முசிறியோடு சேர்ந்து வருகிற அதே மூத்த பிளினி. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் ரோமப் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பியவர். கருமிளகு ஒரு ராத்தல் நான்கு தினாரியுஸ் என்று விலை குறித்து வைத்தவர். காரத்தைத் தவிர ஒரு மண்ணும் இல்லாத இதை முதன்முதலில் ஆசைப்பட்டுத் தின்றவன் யார் என்று வியந்தவர். இயற்கை வரலாறு என்ற அவருடைய நூல் 37 தொகுதி. அரசுப் பணியும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு எப்படி எழுத முடிந்தது?

அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி இதற்கு ஒரு கடிதத்தில் பதில் எழுதியிருக்கிறார். கடிதத் தொகுப்பின் மூன்றாம் புத்தகத்தில் ஐந்தாவது. மாமா நடுநிசியிலேயே விளக்கை ஏற்றிவிடுவார். சாப்பிடும்போது ஒருவர் பக்கத்தில் நின்று புத்தகம் வாசிப்பார். குளித்துவிட்டு உடம்பைத் துடைத்துவிடும்போதும் ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார், அல்லது இவர் சொல்ல இன்னொருவர் எழுதுவார். ஒருமுறை வாசிக்கிறவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்க, கூட இருந்த நண்பர் திருத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னார். உமக்குப் புரிந்ததுதானே, பிறகு ஏன் நிறுத்தினீர், பத்து வரிக்கு மேல் போய்விட்டதே என்று பிளினிக்குக் கோபம். ரோமில் எங்கே போனாலும் பல்லக்கில்தான்; மருமகன் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்தை நீ வீணாக்காமல் இருந்திருக்கலாம் என்று கண்டித்தாராம். பல்லக்கு என்றால் தூக்குகிறவர்கள் உண்டு. அவர்களுடைய நேரம் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதே கடிதத்தில் ஒரு விவரம் இருக்கிறது. பயணங்களில் பிளினியின் அருகே புத்தகமும் எழுதுபலகையும் ஏந்தி ஓர் எழுத்தர் உட்கார்ந்திருப்பார். குளிர்காலத்தில் அவர் கைகளுக்கு உறை மாட்டியிருக்கும். ஏன் என்று மருமகனே சொல்லிவிடுகிறார்: கடுங்குளிர்கூட மாமாவின் படிப்பு நேரத்தில் ஒரு துளியைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக. கை விறைத்து வலிக்குமே என்பதற்காக அல்ல. அகராதியைப் புரட்டிப் புரட்டி அந்த வாக்கியத்தை நான் அவிழ்த்தது ஒரு மார்கழிக் காலையில். எனக்கும் கை சில்லிட்டுத்தான் இருந்தது. வாக்கியத்தின் நோக்கப் பகுதி கடைசியில் வருகிறது. அது வரும்வரை பிளினி கருணையுள்ளவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இட்லி வைக்கும்போது அத்தையிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த எழுதுத பையன் பேரு என்ன?” என்றார். கடிதத்தில் பெயர் இல்லை. கி.பி. 79இல் வெசுவியுஸ் எரிமலை வெடித்தபோது பிளினி ஸ்டாபியே கடற்கரையில் இறந்ததை அதே மருமகன் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதியிருக்கிறார். இரண்டு அடிமைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், உடனே சரிந்தார் என்று வருகிறது. அந்த இருவருக்கும் பெயர் இல்லை, பிறகு என்ன ஆனார்கள் என்றும் இல்லை. விசித்திரம் என்னவென்றால், தன் நூலின் 29ஆம் தொகுதியில், நடப்பது, ஆளை அடையாளம் காண்பது, பிழைத்துக் கிடப்பது எல்லாவற்றுக்கும் ரோமானியர் அடுத்தவரை நம்பிக் கிடக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டவரும் பிளினியேதான். அதையும் அவர் சொல்ல யாரோ எழுதியிருக்கக்கூடும்.

பெயர் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். ரோமப் பேச்சாளர் சிசரோவின் எழுத்தர் டைரோ அடிமையாக இருந்து கி.மு. 53 வாக்கில் விடுதலை பெற்றவர். லத்தீன் சுருக்கெழுத்தை உண்டாக்கியவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. அந்த முறையில் ‘மற்றும்’ என்பதற்கான குறியை அயர்லாந்தின் பெயர்ப்பலகைகளில் இன்றும் பார்க்கலாம். டைரோ கிரேக்கத்தில் நோயாகப் படுத்துவிட்டபோது சிசரோ எழுதிய கடிதங்களில் பதற்றம் தெரிகிறது: அவசரப்பட்டுக் கிளம்பாதே, குணமாகட்டும், மருத்துவருக்கு எவ்வளவு கேட்டாலும் கொடு. அந்த அன்பு பொய் இல்லை. ஆனால் ஒரு மனிதரைச் சொத்தாக வைத்திருந்தவரே அவர் மேல் உயிராகவும் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்வது கேட்டோவின் பட்டியலை ஏற்றுக்கொள்வதைவிடக் கடினமாக இருக்கிறது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது ரோமத் தத்துவவாதி செனக்காவை விட முடியாது. வாழ்க்கையின் குறுமையைப் பற்றி அவர் எழுதிய நூலை இப்போது நேர மேலாண்மைப் பேச்சாளர்கள் எல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள். அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் குறைந்துவிட மாட்டாய் என்று நண்பருக்கு எழுதியவரும் அவர்தான். அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவருடைய பன்னிரண்டாம் கடிதத்தைப் படித்தபிறகும் உண்டு, கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ள தன் வீட்டுக்குப் போகிறார். கட்டடம் பழுதாகிக் கிடக்கிறது. தான் கட்டிய வீடே கிழடாகிவிட்டதே என்று வருந்துகிறார். வாசலில் பல் போன கிழவர் ஒருவர் நிற்கிறார். இது யார், பிணத்தை எங்கே பிடித்தாய் என்று காரியக்காரனிடம் கேலி பேசுகிறார். அந்தக் கிழவரோ, என்னைத் தெரியவில்லையா, நான் பெலிசியோ, சின்ன வயதில் எனக்குப் பொம்மை வாங்கிவருவீர்களே என்கிறார். சிறுபிள்ளையாய் இருந்தபோது செனக்காவுக்குச் செல்லமாக இருந்த அடிமை. செனக்கா அதற்கும் ஒரு நகைச்சுவை சொல்கிறார்: மறுபடி குழந்தையாகிவிட்டான் போல, பல் விழுகிறதே. அதன் பிறகு கடிதம் முழுவதும் தன் முதுமையைப் பற்றி, அழகாக, ஆழமாகப் பேசுகிறார். பெலிசியோ திரும்ப வரவில்லை. தனக்கு வயதாகிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு அந்தக் கிழவர் பயன்பட்டார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு லத்தீனை என்ன செய்வது? மூடி வைத்துவிடுவது ஒரு வழி. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கையுறையைப் பற்றி நமக்குத் தெரிவதே பிளினி குடும்பம் எழுதி வைத்ததால்தான். படிப்பதை நிறுத்தினால் அந்த எழுத்தர் இரண்டாம் முறை காணாமல் போவார். பெருமைக்கு மட்டும் படிப்பது இன்னொரு வழி. அதை நாமும் செய்கிறோம். கோவைப் பக்கம் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகளைப் பற்றி எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! ஸ்பெயின் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் இரவு பகலாக வெட்டிச் செத்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் எழுதி வைத்திருக்கிறார் என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பஞ்சம் தாங்காமல் தம்மையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. பழம்பெருமையைப் படிக்கிறவர்கள் அதைச் சுமந்தவர்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாதிப் படிப்பு.

அத்தையின் உழைப்பையும் ரோம அடிமையின் உழைப்பையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். அத்தை யாருக்கும் சொத்தில்லை. மனது வைத்தால் நாளைக்கே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆனாலும் என் ஒரு மணி நேரம் வானத்திலிருந்து விழவில்லை என்பதைப் பிளினியைப் படித்துவிட்டு மறக்க முடியவில்லை. படிக்க, எழுத, யோசிக்க ஒருவருக்குக் கிடைக்கிற ஓய்வு எங்கோ ஒருவர் அரைத்து, துடைத்து, கழுவிக் கொடுத்தது. இப்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை அடுப்படி என் பொறுப்பு. முதலில் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. சட்டினியில் உப்பு சரியில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் வந்தது. இப்போது பழகிவிட்டது. அந்த நேரத்தில் அவர் சில நாள் ஜெபமாலை சொல்கிறார், பல நாள் தூங்குகிறார். உருப்படியாக ஏதாவது செய்யுங்கள் அத்தை என்று நான் சொல்வதில்லை. அது அவர் நேரம்.

வரலாறு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முசிறியும் மிளகும் ஐந்து கோடியும் வருகிற பாடத்தில் பிளினியின் பெயர் எப்படியும் வரும். அன்று அவர் மருமகன் எழுதிய இந்தக் கையுறைக் கடிதத்தையும் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டு மூன்று பக்கம்தான். அந்தக் கையுறை எதற்கு என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.