பொதுச் சொத்தின் பழுதும் மௌனத்தின் எல்லையும்

பலருக்கும் பொதுவான ஒரு பொருளிற் பழுதைக் கண்டவன் அதனை உடனே ஊரறியக் கூறவேண்டுமா? அன்றித் திருத்தி முடியும்வரை மறைக்கவேண்டுமா? கூறினால் காவலனோடு கள்வனும் அறிவான். மறைத்தால் ஏதுமறியாத மக்கள் தாழில்லாத வீட்டினுள்ளே உறங்குவர். இப்பழைய அறக்கேள்வி இன்று கணினியுலகில் எழுந்து நிற்கின்றது.

கணினியின் உறுப்புகளையும் நிரல்களையும் இணைத்தாளும் அடிநிலை மென்பொருளே கர்னல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னல், யாவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையுள்ள பொதுச் சொத்து. அண்ட்ரொய்ட் கைப்பேசிகளும் அதன்மீதே இயங்குகின்றன. ஆயின், யாவரும் படிக்கலாம் என்பதால் எவரோ படித்திருப்பார் என்று நாம் வாளாவிருத்தல் தவறு. 2016இல் வெளிப்பட்ட ‘டேர்ட்டி கவ்’ என்னும் பழுது, சாதாரணப் பயனாளன் ஒருவன் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழிவிட்டது. அது 2007 முதலே அனைவர் கண்முன்னும் கிடந்தது! திறந்த கதவு போதாது. உள்ளே சென்று பார்க்கும் உழைப்பும் வேண்டும்.

மறைத்தலுக்கும் ஒரு நியாயமுண்டு. திருத்தம் கிடைக்குமுன் பழுதைப் பறைசாற்றுதல் கள்வனுக்கே துணையாகும். இதனை உணர்ந்த கர்னல் பாதுகாப்புக் குழுவினர் மௌனத்துக்கு ஒரு வரம்பிட்டனர்: திருத்தம் ஆயத்தமானபின் வெளியீட்டை 7 நாட்கள்வரை தள்ளிவைக்கலாம், மிக இன்றியமையாதவிடத்து 14 நாட்கள்.

ஆனால் வேறொரு மௌனத்தையும் நாம் கண்டோம். நுண்செயலிகளில் இருந்த ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்னும் பழுதுகள் 2017 நடுப்பகுதியில் உற்பத்தியாளருக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றைத் தடுக்கக் கர்னலும் திருத்தப்படவேண்டியிருந்தது. 2018 ஜனவரிவரை செய்தி மறைக்கப்பட்டது. அதற்குள் பெருநிறுவனங்கள் தம்மைக் காக்க ஆயத்தஞ் செய்தன. சிறிய நிறுவனங்கள் பலவோ, பொதுமக்களோடு ஒருங்கே அதனை அறிந்தன. ஆபத்து அனைவர்க்கும் பொது. முன்னறிவு மட்டும் வலியவனுக்கு உரியதாயிற்று.

எனவே நாம் கேட்கவேண்டியது, மறைக்கலாமா என்பதன்று. யாருக்காக மறைக்கின்றோம் என்பதே. திருத்துவோரின் உழைப்புக்கு வேண்டிய காலமே மௌனத்தின் எல்லை. அதற்கப்பாற்பட்ட மௌனம் சந்தையைக் காக்குமேயன்றி மக்களைக் காக்காது.

திருத்தம் வெளிவந்ததோடும் கடமை தீர்வதில்லை. மலிவான பழைய கைப்பேசியை வைத்திருக்கும் ஏழைக்கு அத்திருத்தம் பெரும்பாலும் வந்துசேர்வதேயில்லை. கருவியை விற்றவர் சில ஆண்டுகளிற் கைகழுவிவிடுகின்றனர். அப்பொழுது, பழுதைப் பகிரங்கமாக்கிய அதே உண்மை அவனைக் காக்காமற் காட்டிக்கொடுக்கின்றது. உண்மை எல்லோருக்கும் பொதுவாயிற்று; பாதுகாப்பு இன்னும் பொதுவாகவில்லை. அந்த இடைவெளியை மூடுமாறு விற்றவரை வற்புறுத்துதல், பொதுவுடைமை அறிவைப் போற்றும் நம் அனைவரதும் கடமையாகும்.